வளர்மதி அக்காவின் பழுப்புப் பாட்டில்

செய்தி வந்தபோது என் கைப்பேசி ஒரு தகர டப்பாவுக்குள் கிடந்தது. பெங்களூரில் நாங்கள் வேலை செய்யும் பீர் ஆலையின் ருசி அறைக்குள் கைப்பேசியோடு நுழையக் கூடாது. வாசலில் உள்ள பழைய பொரி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று காலை பத்து மணிக்குச் சாக்லேட் ஸ்டவுட் சுற்று. ஆறு மாதிரிகள். ஆறையும் மோந்து, ருசித்து, மார்க் போட்டு, தாளில் கையெழுத்திட்டு, வெளியே வந்து டப்பாவைத் திறந்தேன். பதினேழு அழைப்புகள். எல்லாமே வளர்மதி அக்காவின் தம்பி கதிரவனுடையவை. திருப்பி அழைத்தபோது அவன் அழவில்லை. “அக்கா போயிட்டாங்க மேடம். லாரி,” என்றான். அவ்வளவுதான். நான்காவது மாதிரிக்கு இரண்டு மார்க் கூட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அரியலூர் - செந்துறை சாலையோரத்தில் அவரைப் போர்வை போட்டு மூடியிருக்கிறார்கள்.

ஸ்டவுட் என்பது கருத்த பீர். பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் அது மால்ட். அந்த மால்ட்டைக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வறுத்துச் செய்வது ஸ்டவுட். வறுப்பு சரியாக இருந்தால் அதிலிருந்தே சாக்லேட் வாசம் எழும். சிலர் கோகோவும் சேர்ப்பார்கள். அதை மோந்து, ருசித்து, நல்லது எது, கெட்டது எது என்று சொல்வதுதான் வளர்மதி அக்காவின் தொழில். எட்டு ஆண்டுகள் செய்தார். அதில் நான்கு ஆண்டுகள் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்.

படத்திறப்புக்காக அச்சான இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஜூஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். மீதிப் பேருக்கு, இந்த ஒரு மாதமாக, பீர் குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டி லாரியில் விழுந்தவர். இரண்டும் பொய். முதல் பொய்யை அவரே சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது. இரண்டாவது பொய், விபத்தைப் பதிவு செய்த காவல் நிலையத்தின் தாளில் இருக்கிறது: ‘உடலிலும் உடையிலும் மது வாசனை. அருகில் உடைந்த பீர் பாட்டில்.’ லாரிக்காரர்கள் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அந்தப் பாட்டிலை நிரப்பி, மூடி அழுத்தி, அவர் பையில் வைத்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் விக்கிரமங்கலம். எங்களுக்கு நிலம் உண்டு, அந்த நிலத்தில் வேலை செய்தவர்களுக்குத் தனி டம்ளரும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு மாதிரியில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. வளர்மதி அக்கா என் கிளாஸை வாங்கி, ஒரு வாய் ருசித்து, “நனைஞ்ச அட்டைப் பொட்டி. காத்து பூந்துடுச்சு. நீயே பாரு,” என்று திருப்பி நீட்டினார். அதற்குள் எங்கள் இருவருக்கும் மற்றவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்திருந்தது. என் கை ஒரு நொடி நின்றது. ஒரே ஒரு நொடி. படித்தவள், பெங்களூர், வெள்ளைக் கோட்டு, எல்லாம் இருந்தும் நின்றது. அவர் பார்த்துவிட்டார்.

“என்ன புள்ள, நுரை அடங்கட்டும்னு நிக்கிறியா?” என்றார்.

குடித்தேன். நனைந்த அட்டைப் பெட்டிதான். அதற்குப் பிறகு அவர் அந்த நொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். முடித்துக்கொள்ள அவர் விடவில்லை.

எங்கள் வேலையில் எந்த கிளாஸிலும் பெயர் இருக்காது. மூன்று இலக்க எண் மட்டும். யார் காய்ச்சியது, எந்த ஊர், பெரிய ஆலையா, புறக்கடையில் காய்ச்சுகிறவரா, ஒன்றும் தெரியாது. நிறம், வாசம், ருசி, வாயில் அதன் கனம், விழுங்கிய பின் நிற்பது. அதற்குத்தான் மார்க். வளர்மதி அக்காவுக்கு அந்த எண்களின் மேல் ஒரு ஆசை இருந்தது. ஒருநாள் கிளாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டே சொன்னார்: “நம்ம பக்கம் பஸ்ல பக்கத்துல உக்காந்ததும் என்ன கேப்பாங்க? எந்த ஊரு. அடுத்தது, ஊருல எந்தப் பக்கம். மூணாவது கேள்விக்குள்ள நம்ம விலை என்னன்னு முடிவாயிடும். இங்க பாரு, நானூத்திப் பதினேழு. அவ்ளோதான். இப்படி ஒரு ஊரு இருந்தா சொல்லு, பொட்டி படுக்கையோட குடி போயிடறேன்.”

வேலை நாளில் அவர் தலையில் பூ வைக்க மாட்டார். எண்ணெய், பவுடர், வாசனை சோப்பு எதுவும் கிடையாது. காலையில் சாம்பார் கிடையாது, வெங்காயம் கிடையாது. இட்லியும் தயிரும் மட்டும். ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் இடையில் நாக்கைத் துடைக்க ஆலையில் வெளிநாட்டு பிஸ்கட் வைத்திருந்தார்கள். “இதுல வெண்ணெய் வாசம் இருக்கு, அப்புறம் பீருல வெண்ணெய்னு எழுதுவீங்க,” என்று அதை நிறுத்தி, அரியலூரிலிருந்து உப்புப் போடாத பொரி கொண்டுவந்தார். அந்த டப்பாதான் வாசலில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஊருக்கு ஒன்றாக வருவோம். காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலையாக இரண்டு முழம் மல்லிகை வாங்குவார். கழுத்து அடையாள அட்டையைக் கழற்றிப் பையின் அடியில் தள்ளுவார்.

“பெரம்பலூர் வரைக்கும்தான் பீரு. அதுக்கு அங்கிட்டு ஜூஸு,” என்பார். நானும் சிரிப்பேன். என் வீட்டில் அது ‘உணவுத் தரக் கட்டுப்பாடு’. அந்தப் பெயரில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய ஜூஸுக்குக் காரணம் அவருடைய அப்பா. கொத்து வேலை செய்தவர். ஒயின்ஷாப் வாசலிலேயே வாழ்ந்து, நாற்பத்திரண்டு வயதில் வயிறு வீங்கிச் செத்தார். அப்போது வளர்மதி அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. அதன்பிறகு அந்த வீட்டில் சரக்கு, பீர் என்று எந்தச் சொல்லும் ஒலிக்கக் கூடாது என்று அம்மா சொல்லாமலே ஒரு சட்டம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வேதியியல் படித்த பெண்ணுக்கு முதலில் கூப்பிட்ட வேலை இது. “வேற கம்பெனிக்காரன் எவனும் கூப்புடல புள்ள. நான் என்ன செய்யட்டும்?” ஒருமுறை, அப்பாவை நினைத்தால் இந்த வேலை கசக்கவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: “எங்கப்பா ருசி பாத்துக் குடிச்சிருந்தா மொத கிளாஸுலயே துப்பியிருப்பாரு. அவருக்கு வித்ததுல ருசி எங்க இருந்துச்சு? ருசி பாக்க நேரம் வேணும், வயித்துல சோறு வேணும், மறுநாள் வேலைக்குப் போனா மதிப்பாங்கன்னு நம்பிக்கை வேணும். அது இல்லாதவனுக்கு விக்கிறது வேற ஐட்டம்.”

அவர் தவறு செய்யாதவர் அல்ல. ஒரு போட்டியில் ஒரு ஸ்டவுட் வந்தது. நெருப்பில் சுட்ட முந்திரியின் புகை மாதிரி ஒரு வாசம், அடியில் கசந்த சாக்லேட். அக்கா ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டார். அவர் அதுவரை யாருக்கும் நாற்பதைத் தாண்டியதில்லை. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனவர், பாதி வழியில் திரும்பி வந்து, தாளைத் திரும்பக் கேட்டு, கிழித்துப் போட்டார். புதுத் தாளில் முப்பத்தி மூன்று.

“ஏன்க்கா?”

“நான் பீருக்கு மார்க் போடல. எங்கம்மாவுக்குப் போட்டுட்டேன்.”

செந்துறைப் பக்கம் முந்திரிக்காடு உங்களுக்குத் தெரியும். அவர் அம்மா அஞ்சலை முந்திரிக்கொட்டை சுட்டு உடைக்கும் வேலைக்குப் போனவர். அந்த வாசம் எவ்வளவு நல்ல வாசம் என்று நான் உருகிப் பேச ஆரம்பித்தேன். அக்கா கையை உயர்த்தினார். “நல்ல வாசம்னு மட்டும் சொல்லிடாத. அந்தக் கொட்டை ஓட்டுப் பாலு பட்டு எங்கம்மா வெரல்ல தோலு உரிஞ்ச வாசம் அது. வாங்கித் தின்னவங்களுக்கு நல்ல வாசம்.” நம் ஊர் வாசனைகளைப் பற்றி இனிமேல் உருக மாட்டேன் என்று அன்று முடிவெடுத்தேன். இன்றுவரை காப்பாற்றுகிறேன்.

சென்ற வருடம் எங்கள் ஆலையே ஒரு சாக்லேட் ஸ்டவுட் காய்ச்சியது. வெளி நடுவர்களோடு எங்களையும் உட்காரவைத்து, பெயர் மறைத்து, எண் போட்டுக் கொடுத்தார்கள். மேசையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர், ஒரு கிளாஸை மோந்ததும் முகம் மலர்ந்துவிட்டார். “சாக்லேட் என்னமா தெரியுது பாருங்க!”

“தெரியுதுங்க சார்,” என்றார் அக்கா. “கதவைத் தொறந்ததும் தெரியுது. உள்ள வூடு இல்ல.”

எசன்ஸ். வறுத்த மால்ட்டில் இருந்து வராத, பாட்டிலில் வாங்கி ஊற்றிய வாசம். மூக்கில் மிட்டாய்க்கடை, வாயில் வெறும் தண்ணீர். பத்தொன்பது போட்டார். எண்களைப் பிரித்தபோது அது எங்கள் ஆலையுடையது. மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

“சொந்தக் கம்பெனி சரக்குன்னு உனக்குத் தெரியலையா, வளர்மதி?”

“தெரியக் கூடாதுன்னுதானே சார் நம்பர் போட்டீங்க? பேரு எழுதி வச்சிருந்தா மார்க்கையும் நீங்களே எழுதியிருக்கலாம்.”

அந்த பீர் சந்தைக்குப் போனது. நன்றாக விற்றது. உண்மை வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான், வெல்லவில்லை. இந்த வருடம் அதையே கொஞ்சம் மாற்றி மறுபடி சுற்றுக்கு வைத்தார்கள். அந்த நாளில் மட்டும் வளர்மதி அக்காவுக்கு விடுமுறை கொடுத்தார்கள். அவர் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள். நான் பொரி டப்பாவில் கைப்பேசியைப் போட்டுவிட்டு உள்ளே போன சுற்று அதுதான். அந்த நாற்காலியில் அவர் இருந்திருக்க வேண்டும். அந்தச் சாலையில் அல்ல.

அதற்கு முந்தின நாள் பிற்பகல், ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் வந்தார். “இந்தத் தடவ அம்மாட்ட சொல்லிடப் போறேன் புள்ள. எத்தனை வருசத்துக்கு ஜூஸு? ஆனா வாயால சொன்னா பீருங்கிற ஒரு வார்த்தைதான் அது காதுல விழும். அதனால மூக்கால சொல்லப் போறேன்.” திட்டம் இதுதான்: சாக்லேட் நிறத்துக்கு வறுத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாறு. அதில் போதை கிடையாது. டீத்தூளை ஊறவைக்கிற மாதிரிதான். அதை அம்மாவிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லி, இதைத்தான்மா தினமும் பார்க்கிறேன் என்று தொடங்குவது.

அவர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத்தான் எடுத்து வந்தார். நான்தான் விடவில்லை. பிளாஸ்டிக் வாசம் ஏறிவிடும், வெள்ளைக் கண்ணாடி என்றால் வெளிச்சம் பட்டு வாசம் கெடும், பழுப்புக் கண்ணாடிதான் சரி என்று, ஆலையில் கழுவி அடுக்கியிருந்த பீர் பாட்டில் ஒன்றை எடுத்து நிரப்பி மூடி அடித்துக் கொடுத்தேன். எங்கள் அறையில் நாங்கள் குடிதண்ணீர்கூட அதில்தான் வைத்திருப்போம். எங்களுக்கு அது பாட்டில். ஓசூரைத் தாண்டினால் அது பீர் பாட்டில். இந்த வித்தியாசம் எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் தோன்றவில்லை. நாங்கள் வாசத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டோம்.

மறுநாள் காலை அவர் அரியலூரில் இறங்கி, ஸ்டாண்டில் விட்டிருந்த தம்பியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சுண்ணாம்புக்கல் லாரி பின்னாலிருந்து இடித்தது. நம் மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. தார்ப்பாய் போடாமல், புழுதி பறக்க, நடைக்கு நடை விரட்டப்பட்டு ஓடும் அந்த லாரிகளுக்கு உங்கள் தெருவிலும் யாராவது ஒருவரைக் கொடுத்திருப்பீர்கள். ஓட்டியவரை நான் திட்டப் போவதில்லை. அவரையும் யாரோ விரட்டுகிறார்கள். பாட்டில் உடைந்தது. மே மாத வெக்கையில் முந்தின நாள் பிற்பகலிலிருந்து பைக்குள் கிடந்த சாறு அதற்குள் மாவு மாதிரி புளித்திருந்தது. அவர் சுடிதார் முழுக்க அந்த வாசம். அன்று மாலைக்குள் ஊரில் பேச்சு வந்துவிட்டது: அப்பன் மாதிரியே பொண்ணும்.

பத்தாம் நாள் நான் கதிரவனோடு காவல் நிலையத்துக்குப் போனேன். எஸ்.ஐ. கெட்டவர் அல்ல, சலித்தவர்.

“பீர் பாட்டில்ல என்னம்மா கஷாயம்?”

“மால்ட் சாறுங்க சார். வறுத்த பார்லி ஊறின தண்ணி.”

“அதுதானம்மா பீரு?”

“ஈஸ்ட் போட்டு, வாரக்கணக்குல நொதிக்க வச்சாத்தான் சார் பீரு. இட்லி மாவு புளிச்சா அது சாராயமா?”

“ரொம்பப் பேசுற. நீ என்ன வேலை?”

எட்டு வருடம் அவர் சொல்லாத வார்த்தை, நான்கு வருடம் நான் சொல்லாத வார்த்தை. “பீர் ருசி பாக்கற வேலை சார். செத்துப்போனவங்களும் அதே வேலைதான்.”

பின்னால் ஒரு போலீஸ்காரர் சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. “எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “விக்கிரமங்கலத்துல யாரு வூட்டுப் பொண்ணு?” அதையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். “உங்க பெரியப்பாவ எனக்குத் தெரியுமேம்மா. நல்ல குடும்பத்துப் புள்ள, உனக்கு எதுக்கு இதெல்லாம்?” அதுவரை நின்றுகொண்டிருந்த எனக்கு நாற்காலி போடச் சொன்னார். கதிரவனுக்குச் சொல்லவில்லை. நான் உட்காரவில்லை.

நான் வீடு போய்ச் சேர்வதற்கு முன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா போனில் கத்தவில்லை, அதுதான் மோசம். “ஸ்டேஷன்ல பீரு நக்குற வேலைன்னு எழுதிக் குடுத்தியாமே? அவங்களுக்காக நீ ஏன் நம்ம பேரைக் கெடுத்துக்கணும்? மாப்ள வூட்ல கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?”

“வேலையைச் சொல்லுங்கப்பா.”

போனை வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் இப்போது வேறு இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வாய்ப்பேச்சு அங்கே வேலைக்காகாது என்று புரிந்தது. பெங்களூர் போய் அதே மால்ட்டை எடுத்து வந்தேன். ஒரு பாட்டில் சாறை அதேபோல ஒரு பிற்பகலும் ஓர் இரவும் வெக்கையில் வைத்தேன். இன்னொன்று புதிதாக ஊறவைத்தது. மூன்றாவது, ஒயின்ஷாப்பில் கதிரவன் வாங்கிய பீர். நிலையத்தின் பின்புறம் பறிமுதல் செய்த மணல் மாட்டுவண்டிகள் நிற்கின்றன. அதில் ஒன்றின் பலகையில் மூன்று காகிதக் கப்புகளை வைத்தோம். கதிரவன் அடியில் எண் எழுதி இடம் மாற்றினான். எதில் எது என்று எனக்குத் தெரியாதபடி நான் திரும்பி நின்றேன். அன்று சாலையில் அக்காவைத் தூக்கி, மது வாசனை என்று சொன்ன ஏட்டுதான் மோந்து சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

“இது ஸ்டேஷனா, டீக்கடையா?” என்றார் எஸ்.ஐ.

“மோந்து பாக்கறதுல என்னங்க சார் போச்சு,” என்று ஏட்டே முன்னால் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

“ரெண்டு தடவ மோங்க. சின்னதா. நடுவுல உங்க சட்டைக் கையை மோந்துக்கோங்க, மூக்கு தெளியும்,” என்றேன். அக்கா புதியவர்களுக்குச் சொல்லும் அதே வரி.

முதல் கப். “டீ மாதிரி இருக்கு. இது இல்ல.” இரண்டாவது. “இது கடைச் சரக்கு. இதுவும் இல்ல.” மூன்றாவது கப்பை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். இன்னொரு முறை மோந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இதுதாங்க. அந்தப் புள்ளயத் தூக்கும்போது என் சட்டையில ஒட்டினது இதுதான். வூட்டுக்குப் போயும் சட்டையை மோந்து மோந்து பாத்தேன், பீருல ஏது இந்த வறுகடலை வாசம்னு.”

கதிரவன் கப்பைத் தூக்கி அடியில் இருந்த எண்ணைக் காட்டினான். வெக்கையில் வைத்த சாறு.

எஸ்.ஐ. தாளில் எதையும் அடித்துத் திருத்தவில்லை. “லேப் ரிப்போர்ட் வரட்டும்மா,” என்றார். ரத்த மாதிரி போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. அந்த வரி இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. ஆனால் ஏட்டு, “நான் மோந்ததை நான்தானே சொன்னேன், மாத்தியும் நானே எழுதித் தரேன்,” என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதனால் அவருக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. இப்போதைக்கு எங்கள் கையில் இருப்பது அந்த ஒரு பக்கம்.

அன்றே அக்கா வீட்டுக்குப் போனேன். அஞ்சலை அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கதிரவன் எனக்குக் கண் காட்டினான், சொல்ல வேண்டாம் என்று. நான் பையிலிருந்து புதிய சாறு இருந்த பாட்டிலை எடுத்தேன். பழுப்புப் பாட்டில். அவர் அதைப் பார்த்ததும் முகம் இறுகியது. எல்லாம் அவர் காதுக்கும் வந்திருந்தது.

“வளர்மதி அக்கா உங்களுக்குத்தான்மா எடுத்துட்டு வந்தாங்க. மோந்து பாக்கச் சொல்லணும்னு. இதுதான் அவங்க பாத்த வேலை.”

வெகுநேரம் வாங்கவில்லை. பிறகு வாங்கினார். கருத்த விரல்களால் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, மூக்குக்குக் கீழே கொண்டுபோய், சின்னதாக இரண்டு முறை மோந்தார். யாரும் சொல்லித்தரவில்லை.

“கருகலுக்கு ஒரு நிமிசம் முன்னாடி எறக்கியிருக்காங்க,” என்றார். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கசந்துருக்கும்.”

ஆலையில் அந்த மால்ட்டின் சாக்குப் பையில் எழுதியிருக்கும் வறுப்பு அளவும் அதைத்தான் சொல்கிறது. எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது.

“இதைப் பாக்கறதுக்கா எம் மவளுக்குச் சம்பளம் குடுத்தாங்க?”

“ஆமாம்மா. இதைச் சரியாச் சொல்றவங்க ரொம்பக் கம்மி.”

“அப்புறம் என்னத்துக்குடி ஜூஸுன்னு சொன்ன, பாவி?” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது கதிரவன் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தான்: அக்கா பீரைத் தொட்டதே இல்லை என்று போடுங்க மேடம், கேஸுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. நான் அப்படியே ஒருமுறை எழுதினேன். ருசி பார்ப்பார், துப்பிவிடுவார், ஒரு சொட்டும் உள்ளே போகாது என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. பாதி வழியில் திரும்பி வந்து அந்தத் தாளைக் கிழித்தேன். பீரைத் துப்ப முடியாது. அதன் கசப்பு தொண்டையில்தான் தெரியும். விழுங்கினால்தான் மார்க் போட முடியும்.

ஆகவே, அவர் வைத்த முறைப்படி, புதுத் தாளில்: வளர்மதி அக்கா பீர் குடித்தார். ஒரு மாதிரிக்கு மூன்று வாய், பகல் பத்து மணிக்கு, சம்பளத்துக்கு, இந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லாத ஒரு நாக்கோடு. செத்த அன்று குடிக்கவில்லை. அன்று அவர் பையில் இருந்தது அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி, அதை நான் தவறான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். படத்தின் கீழே என்ன போடுவது என்று அஞ்சலை அம்மாவிடம் கேட்டோம். “ருசி பாக்கற வேலைன்னு போடு,” என்றார். போட்டிருக்கிறோம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இரண்டு. ஒன்று, தாளைத் திரும்பக் கேட்டு வாங்குகிற அந்தப் பழக்கம். மற்றது, அவர் கிளாஸை நீட்டியபோது என் கை நின்ற அந்த ஒரு நொடி. அதை அவர் எனக்குத் திருப்பித் தரவும் இல்லை, கழித்துவிடவும் இல்லை. இருக்கட்டும்.